அம்மாவிடம் தண்ணி, அப்பாவிடம் வெள்ளம்

— சாயாவப் பாதியில வச்சிட்டு என்னத்துக்கு இப்படி எழும்பி ஓடி வாறிய? அந்தக் கடைக்காரரு நாம போற தெசையவே பாத்துக்கிட்டு நிக்காரு.

— ஒண்ணும் இல்ல சுபிதா. நீ வண்டியில கேறு. மழைக்கு முன்ன தக்கல தாண்டணும்.

— மழைக்கும் சாயாவுக்கும் என்ன? இனிப்புக் கூடிப் போச்சா?

— சாயா கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது. எனக்குத்தான் வேண்டாம்னு தோணிச்சு. ஏட்டி ரேஷ்மி, நீயும் கேறு மக்களே. கதவ நல்லா இழுத்து அட. பெல்ட்டப் போடு.

— வேண்டாம்பா.

— பெரிய ரோடு ஆக்கும் மோளே. வழியில போலீஸ் நிப்பான்.

— பின் சீட்டுல இருக்கிறவங்கள யாருப்பா கேக்கப் போறாங்க?

— கேட்டா?

— கேட்டா எறங்கி நடந்து வாறேன்.

— அவள விடுங்க. ரெண்டு வருசமா போடாதவ இன்னைக்கு மட்டும் போட்டுருவாளா? நீங்க பாத்து ஓட்டுங்க, போதும்.

— அம்மா, நான் படுத்துக்கிறேன். கன்னியாகுமரி வந்ததும் எழுப்புங்க. லேட்டாப் போனா பாறைக்குப் போற போட்டுல ஏத்த மாட்டாங்க, சொல்லிட்டேன்.

— படு, படு. காதுல அத மாட்டிக்கிட்டா இவளுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. பதிமூணு வயசுல எனக்கெல்லாம் இப்படி உறக்கம் வந்ததே இல்ல.

— உறங்கட்டு. அங்க போனா அலைச்சல்தானே.

— நான் ஒண்ணு கேக்குதேன். திங்கக்கிழம மஸ்கட்டுக்கு பிளைட்ட வச்சிக்கிட்டு, சனிக்கிழம என்னத்துக்கு இந்த ஊர் சுத்தல்? துணி எடுத்து வைக்கல்ல. உங்க ஓமனா அக்கா வீட்டுக்குப் போயி ஒரு வார்த்த சொல்லிக்கிடல்ல.

— பிள்ளைக்கு ஒரு நாளு சந்தோசமா இருக்கட்டுன்னு.

— அங்க இருக்கும்போது வெள்ளிக்கிழம ஆனா எங்களத் தூக்கிப் போட்டுக்கிட்டு அலைவியளே, அந்த மாதிரியா?

— அப்பம் உனக்கும் பிடிச்சிருந்துதே.

— எனக்கா? விடியக்காலம் எழும்பி சாப்பாடு கட்டினவளுக்குல்லா தெரியும். புளிச்சோறு, மீன் வறுத்தது, உங்களுக்கு மட்டும் தனியா மரச்சீனிக் கெழங்கு. போற எடமெல்லாம் கோட்ட. மண்ணு நெறத்துல ஒரு கோட்ட, அதத் தாண்டினா அதே மண்ணு நெறத்துல இன்னொரு கோட்ட. அஞ்சாவது கோட்டையில நம்ம விபின் சொன்னான் பாருங்க.

— "அம்மா, இந்தக் கோட்டைக்கு நாம போன மாசமே வந்தாச்சு."

— டிக்கெட் கிழிச்சவன் கிட்டயும் போயிச் சொன்னான். "அங்கிள், இது பழைய கோட்ட, நாங்க பாத்தாச்சு"ன்னு. அவரு புரியாம ஒரு பேரீச்சம்பழத்த எடுத்துக் கொடுத்தாரு.

— ரெண்டு கொடுத்தாரு. ஒண்ண அக்காளுக்குன்னு சட்டப் பையில போட்டுக்கிட்டான்.

— சிரிக்கிய.

— இல்ல.

— சிரிச்சிய, நான் கண்டேன். உங்க பல்லப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு. நான் குத்தம் சொல்லல்ல. சிரிங்க.

— மழ பிடிச்சாச்சு. நோக்கு, என்ன மழ.

— முன்னால ஒண்ணுமே தெரியல்ல. ஓரமா நிறுத்துங்க. அந்தப் பெட்டிக்கடைக்குப் பக்கத்துல நிறுத்துங்க. வில்லுக்குறியா இது?

— ஆமா. கொஞ்ச நேரம் கெடக்கட்டு. மழ தோந்தபொறவு போவோம்.

— சரி. வண்டியும் நின்னாச்சு, நீங்களும் எங்கயும் எழும்பிப் போக முடியாது. இப்பம் சொல்லுங்க. கடைக்காரரு என்ன கேட்டாரு?

— எப்பம்?

— நீங்க கிளாச வைக்கதுக்கு ஒரு நிமிசம் முன்னால. "பிள்ளைக்குக் குடிக்க வெள்ளம் வேணுமா"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. நீங்க எழும்பிட்டிய.

— உனக்குத் தோணுது.

— எனக்குத் தோணல்ல. ரெண்டு வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். குலசேகரத்துல பொறந்து வளந்த ஆளு. குடிக்கது வெள்ளம், குளிக்கது வெள்ளம், ரேடியேட்டருல ஊத்துதது வெள்ளம். அப்படிப் பேசின மனுசன் இப்பம் தண்ணி, தண்ணின்னு சொல்லுதிய. ஓமனா மைனி கூடக் கேலி பண்ணினாவ, "தேரூருக்காரி எனக்க தம்பி ராஜகுமாருக்க நாக்கையும் மாத்திப் போட்டாளே"ன்னு.

— அவளுக்கு வேற வேல இல்ல.

— கல்யாணம் கழிஞ்சு மூணாம் நாளு அவுகதானே என்ன அந்தப் பாடு படுத்தினாவ. ஓர்ம இருக்கா? அடுக்களையில நின்னுக்கிட்டு, "சுபிதா, வாசல்ல வெள்ளம் கெடக்கு, நோக்கி வா"ன்னு ஒரு விளி. நான் சேலையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு கட்டில் மேல ஏறி நின்னுட்டேன். எங்க ஊருல வெள்ளம்னா பழையாறு கரை பொட்டிட்டுன்னு அர்த்தம். எட்டிப் பாத்தா வாசல்ல ஒரு குடம் தண்ணி.

— நீ கட்டிலுக்க மேல நின்னு, "பெட்டியள எல்லாம் மேல எடுத்து வைங்க"ன்னு கூவின.

— கூவாம? முப்பது கிலோமீட்டர் மேற்க கட்டிக்கொடுத்தா நாக்கு இப்படியா மாறும்? பதினஞ்சு வருசம் ஆச்சு. இன்னும் என் வாயில குடிக்கதுக்கு அந்த வார்த்த வராது. வெள்ளம்னா வெள்ளம்தான், தண்ணின்னா தண்ணிதான்.

— அவனுக்கு ரெண்டும் வந்துது.

— ரெண்டா? என்கிட்ட தண்ணி, உங்ககிட்ட வெள்ளம், பள்ளிக்கூடத்துல வாட்டர், கீழ்க்கடையில அரபிக்காரரு கிட்ட மாய். ஒரு தாகத்துக்கு நாலு பேரு வச்சிருந்தான் பையன். நீங்க குளிமுறியில இருந்தாக் கூட கதவுக்கு வெளிய நின்னு, "அப்பா, வெள்ளம்"னு கேட்டுக்கிட்டு நிப்பான். நான் பக்கத்துல தண்ணிய வச்சிக்கிட்டு நின்னாலும் வாங்க மாட்டான்.

— போதும் சுபிதா.

— அப்பம் அதுதானா? அந்த வார்த்தயக் கேட்டா பிள்ள நெனப்பு வந்துருது, அதுதானே? அதச் சொல்லிட்டுப் போகதுக்கு என்ன? எனக்கு மட்டும் வராதா?

— ஆமா. அதுதான்.

— சரி. அப்பம் நானும் ஒண்ணு கேக்கணும். நீங்க திங்கக்கிழம போயிட்டா பொறவு போனுலதான் பேசணும். போனுல இதப் பேச எனக்கு ஒக்காது. அவன் என்னத்துக்கு வண்டிக்குள்ள போனான்?

— சுபிதா, பிள்ள பின்னால கெடக்கா.

— அவ காதுல பாட்டு ஓடுது. நான் மெதுவாத்தான் பேசுதேன். ரெண்டு வருசமா நாம இதப் பேசல்ல. ஒரே கட்டில்ல கெடந்து நீங்க அந்தச் சொவரப் பாத்திய, நான் இந்தச் சொவரப் பாத்தேன்.

— பேசி என்ன கிட்டும்?

— ஒண்ணும் கிட்டாது. ஆனாலும் நான் சொல்லணும். அன்னைக்கு சோறு தின்னு முடிச்சு நீங்க மேல அந்த மரத்து நெழல்ல படுத்திய. வண்டி கீழ, காஞ்சு கெடந்த ஆத்துக்குள்ள நின்னுது. வாடி, வாடின்னு அங்க உள்ளவங்க சொல்லுவாங்களே, அந்தக் காஞ்ச ஆறு. எல்லாரும் அதுலதானே வண்டிய விட்டிருந்தாங்க. வானத்துல ஒரு மேகம் கெடையாது.

— மலையில பெஞ்சிருக்கு.

— மலையில பெஞ்சது நமக்கு எப்படித் தெரியும்? நான் இவளக் கூட்டிக்கிட்டு பாறைக்கு அந்தப் பக்கம் போனேன். குட்டையில குளிச்சிட்டு வந்தவளுக்கு ஈர உடுப்ப மாத்தி, தலையத் தொவர்த்தி, பின்னிக்கிட்டு இருந்தேன். இவ என் காலுக்கு எடையில உக்காந்திருந்தா. போலீஸ்காரன் கிட்டயும் அதத்தான் சொன்னேன், மக ஒரு நிமிசம் என்ன விட்டுப் போகல்லன்னு. சீப்பு அவ தலையில நிக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டுது. ஏதோ லாரி வாறது போல. எட்டிப் பாத்தா தண்ணி செவப்பா வந்து நம்ம வண்டியத் தூக்கிட்டுது.

— எனக்கு ஓர்ம இருக்கு. நீ சொல்லாண்டாம்.

— சொல்லுவேன். வண்டி போனா போட்டும், பிள்ள மேல எங்கயாவது பாறையில ஏறியிருப்பான்னுதான் நான் நெனச்சேன். கல்லு கல்லா நோக்கி, "விபின், விபின்"னு விளிச்சேன். நீங்க மட்டும் மேல பாக்கல்ல. வண்டி போன தெசையவே பாத்துக்கிட்டு நின்னிய. அன்னைக்கு எனக்கு அது மண்டையில ஓடல்ல.

— என்னால திரும்ப முடியல்ல.

— மறுநாளு வண்டிய எடுத்தாங்க. பிள்ள பின் சீட்டுல இருக்கான். கதவு அடச்சிருக்கு. பெல்ட் போட்டிருக்கான். உங்க பக்கத்துல கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்த பிள்ள என்னத்துக்கு கீழ எறங்கி வண்டிக்குப் போனான்? போனவன் என்னத்துக்குப் பெல்ட்டப் போட்டான்? அந்தப் போலீஸ்காரனும் அதத்தான் கேட்டான். யாராவது போகச் சொன்னீங்களான்னு. நீங்க என்ன சொன்னிய?

— உறங்கிட்டேன்னு சொன்னேன்.

— உறங்கிட்டிய. சரி. அப்பம் காரணத்த நான் சொல்லுதேன். நான்தான்.

— நீ என்ன பேசுக?

— காலையில கெளம்பும்போது ரெண்டு மட்டம் சொல்லியும் அவன் பெல்ட் போடல்ல. தொடையில கிள்ளினேன். சும்மா கிள்ளு இல்ல, நல்லா வலிக்கணும்னே கிள்ளினேன். அவன் அழுதான். "என்ன ஆபத்து வந்தாலும் வண்டிக்குள்ள பெல்ட்டப் போட்டு இருந்தா ஒண்ணும் ஆகாது, இனி ஒருக்க சொல்ல வைக்காத"ன்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். தண்ணி வாறத அவன் பாத்திருக்கான். பயந்து, நான் சொன்ன எடத்துல போயி உக்காந்திருக்கான்.

— சுபிதா, அப்படி இல்ல.

— ஆஸ்பத்திரியில துணிய நீக்கிக் காட்டினாங்கல்லா, அந்தக் கிள்ளின எடம் நீலமா அப்படியே இருந்துது. எத்தன மைல் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கு, எல்லாத்தையும் களுவியிருக்கு, அது மட்டும் போகல்ல. மைனி எல்லாரு முன்னாலயும், "தாயி ஒழுங்கா நோக்கியிருந்தா பிள்ள போயிருக்குமா"ன்னு கேட்டப்ப நான் எதுத்து ஒரு வார்த்த பேசினேனா? சரியாத்தானே கேட்டாவன்னு இருந்தேன். இந்த ரெண்டு வெரலப் பாருங்க. இந்தத் தழும்பு அருவாமணையில பட்டதுன்னுதானே நெனச்சிய? நான் கடிச்சது. நெனப்பு வரும்போது எல்லாம் கடிப்பேன்.

— நிறுத்து. நீ இல்ல.

— பின்ன யாரு?

— நீ இல்ல சுபிதா. உனக்க கிள்ளு இல்ல. நான் உறங்கல்ல.

— என்னது?

— முழுசும் உறங்கல்ல. துவர்த்துத் துண்ட எடுத்து முகத்துல போட்டுட்டுக் கெடந்தேன். அவன் ஓடி வந்தான். கல்லுல செருப்புக்க சத்தம் கேட்டுது. "அப்பா, வெள்ளம்! அப்பா, வெள்ளம்!"னு விளிச்சான்.

— எம்மா.

— தோளப் பிடிச்சுக் குலுக்கினான்.

— நீங்க என்ன சொன்னிய?

— நல்ல உறக்கச் சடவு. வயறு நெறைய மரச்சீனி தின்னுட்டு…

— என்ன சொன்னியன்னு கேக்குதேன்.

— "வண்டியில இருக்கு மக்களே, ஓடு"ன்னு பறஞ்சேன். துவர்த்த மாத்தல்ல. கண்ணத் தொறக்கல்ல. அவனுக்க முகத்த ஒருக்க நோக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். நோக்கல்ல.

— வண்டியிலன்னா…

— குடிக்கிய வெள்ளம் வண்டியிலதானே இருந்துது. பெரிய கேன். அவன் எனக்கிட்ட வெள்ளம்னு கேட்டா எப்பளும் குடிக்கதுக்காக்கும். எனக்கு அந்த நேரம் ஒரு சந்தோசம் கூட வந்துது சுபிதா. அம்மையத் தேடிப் போவாம எனக்கிட்ட, எனக்க பேச்சுல வந்து கேக்குதானேன்னு. அத நெனச்சுக்கிட்டே சாஞ்சு கெடந்தேன். இத நான் யாருகிட்டப் போயி சொல்ல?

— அவன் உங்க பேச்சுல கேக்கல்ல. என் பேச்சுல சொல்லியிருக்கான்.

— ஆமா. லாரிச் சத்தம் மாதிரி கேட்டு எழும்பினபொறவு எனக்கு அது தெரிஞ்சுது.

— அந்த மாசம்தான் நியூஸ்ல வீடு வீடா முங்குததக் காட்டினாங்க. இவன் என் மடியில கெடந்து கேட்டான். "அம்மா, அப்பா குடிக்கது வெள்ளம், வீட்ட முக்குததும் வெள்ளமா?"ன்னு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "இதுதான் மக்கா நெசமான வெள்ளம், உங்க அப்பா சொல்லுதது தப்பு"ன்னு. சிரிச்சிக்கிட்டே சொன்னேன்.

— நீ அத எனக்கிட்டச் சொல்லல்ல.

— சொல்ல என்ன இருக்கு? ஒரு வேடிக்கதானே. அய்யோ, இப்பம்தான் எனக்கு வெளங்குது. வெள்ளம் வருதுன்னு சொல்ல வந்த பிள்ளைக்கு அப்பா வண்டிக்கு ஓடுன்னு சொல்லியாச்சு. அம்மா பெல்ட்டப் போடுன்னு சொல்லியாச்சு. நாம ரெண்டு பேரும் சொன்னதக் கேட்டிருக்கான். ஒண்ணு விடாமக் கேட்டிருக்கான் என் பிள்ள.

— அழாத சுபிதா.

— கதவத் தொறங்க.

— மழையாக்கும்.

— கதவத் தொறங்கன்னு சொல்லுதேன்! அந்த லாக்க எடுங்க. உங்க பக்கத்துல இனி இருக்க மாட்டேன்.

— எங்க போவ, இந்த மழையில?

— தேரூருக்கு நடந்து போவேன். என்னத் தொடாதீங்க. நீங்க அந்த வார்த்தயத் தப்பாக் கேட்டத நான் பொறுத்துக்கிடுவேன். நெசமாச் சொல்லுதேன், பொறுத்துக்கிடுவேன். கட்டில் மேல ஏறி நின்னவதானே நானும். ஆனா ரெண்டு வருசம் என்னப் பாத்துக்கிட்டு இருந்தியளே! மைனி என்ன அப்படிக் கேக்கும்போது நீங்க அதே முறியில சோறு தின்னுக்கிட்டுதானே இருந்திய? ஒரு வார்த்த சொன்னியளா? தலையக் குனிஞ்சு மோரு ஊத்திக்கிட்டிய.

— வாயி தொறக்க ஒக்கல்ல. தெனமும் காலத்த எழும்பும்போது இன்னைக்குச் சொல்லணும்னு நெனைப்பேன். உனக்க முகத்தப் பாத்தா நாளைக்குன்னு தோணும். நீ உன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கியான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா…

— தெரிஞ்சிருந்தா?

— தெரியாது. அப்பமும் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் அப்படிப்பட்டவனாப் போயிட்டேன். அதுக்காக்கும் போறேன்.

— எங்க?

— திங்கக்கிழம.

— வேலைக்குத்தானே? கம்பெனியில இருந்து விளிச்சாச்சுன்னுல்லா சொன்னிய?

— யாரும் விளிக்கல்ல. ஒரு மாச விசா எடுத்திருக்கேன்.

— திரும்பி வர டிக்கெட்?

— எடுக்கல்ல.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. என்னத்துக்குப் போறிய?

— அந்த மரத்துக்க மூட்டுல போயி ஒருக்க இருக்கணும். அவன் விளிச்ச எடத்துல. அதுக்குப் பொறவு என்னன்னு நான் ஒண்ணும் நெனைக்கல்ல.

— நெனைக்கல்லியா? நெனச்சதாலதானே எங்க ரெண்டு பேரையும் இன்னைக்கு ஊர் சுத்திக் காட்டக் கூட்டிக்கிட்டு வந்தாச்சு? மைனி வீட்டுக்குப் போகாததும் அதுனாலதானே? இவளுக்குக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்து, போட்டுல ஏத்தி, போட்டோ எடுத்து… பாவி மனுசா, நான் ஒரு பிள்ளையக் கொடுத்தது பத்தாதா?

— அப்பா.

— மோளே, நீ உறங்கல்லியா?

— பாட்டு எப்பவோ நின்னு போச்சு. போன்ல சார்ஜ் இல்ல.

— ஒண்ணும் இல்ல மக்களே. அம்மையும் நானும் சும்மா…

— அவன் குடிக்கத்தான் கேட்டான்.

— என்னது?

— விபின். அவனுக்குத் தாகம்பா. குடிக்கத்தான் கேட்டான். மொதல்ல என்கிட்டதான் வந்தான். "அக்கா, தண்ணி"ன்னான். என்கிட்ட இல்ல, அப்பாகிட்டப் போய்க் கேளுன்னு நான்தான் சொன்னேன். அதான் உங்ககிட்ட வந்து வெள்ளம்னான். எப்பவும் அப்படித்தானேப்பா அவன். அம்மாட்ட தண்ணி, அப்பாட்ட வெள்ளம்.

— அவன் கூவினானே மோளே. குலுக்கினானே.

— அவன் எதுக்குப்பா கூவாம இருந்தான்? ஐஸ்கிரீம் கேட்டாலும் அப்படித்தான் குலுக்குவான். உங்க கண்ணாடியே ஒரு தடவ கீழ விழுந்துதுல்ல?

— அப்பம் பெல்ட்டு?

— அது டாக்சி வெளையாட்டு. உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. வண்டி சும்மா நிக்கும்போது நாங்க வெளையாடுவோம். பின்னால உக்காந்து கதவ அடச்சு பெல்ட்டப் போட்டுக்கிட்டு, "ஏர்போர்ட், ஏர்போர்ட்"னு சொல்லுவான். யாரும் இல்லன்னாலும் தனியா வெளையாடுவான். தண்ணி குடிச்சிட்டு அதத்தான் வெளையாடியிருப்பான். அம்மா, நீங்க கிள்ளினதுனால எல்லாம் இல்ல. அத அவன் காலையிலேயே மறந்துட்டான்.

— ரேஷ்மி…

— அவன் எதையும் பாக்கலம்மா. தண்ணி வர்ற பக்கத்துக்கு அவன் போகவே இல்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் பயப்படவே இல்லப்பா.

— நீ கண்டியா?

— கண்டேன். நான் அங்கதான நின்னேன்.

— பின்ன ரெண்டு வருசம் நீ என்னத்துக்கு மோளே சொல்லாம இருந்த?

— யாரும் என்கிட்ட கேக்கலயேப்பா.

— இல்ல. இது செரியாவல்ல. நீ அம்மைக்க கூட பாறைக்கு அங்கோட்டுல்லா இருந்த? சுபிதா, நீ இப்பம்தானே பறஞ்ச, தல பின்னிக்கிட்டு இருந்தேன்னு? அன்னைக்கும் போலீஸ்ல அதத்தானே சொன்ன?

— அப்பா, ப்ளீஸ்.

— நீ பேசாத மோளே. உனக்க அம்மை சொல்லட்டு. சுபிதா, எனக்க முகத்தப் பாரு. இவ உனக்கக்கூட இருந்தாளா, அவனுக்கக்கூட நின்னாளா? நீ என்ன சொன்னாலும் நான் நம்புவேன். உள்ளத மட்டும் சொல்லு.

— போலீஸ்காரன் கேட்டப்ப பயந்துட்டேங்க. ரெண்டு பிள்ளையளையும் தனியா விட்டுட்டாளேன்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சு, இவ என்கூட இருந்தான்னு மாத்திச் சொல்லிட்டேன். ஒருக்க சொன்னத பொறவு எப்படித் திருத்த? நான் துணி பிழிஞ்சிக்கிட்டு தனியாத்தான் இருந்தேன். இவ என்கூட இல்ல. அவன்கூடத்தான் நின்னா. அழாதீங்க… இந்தாங்க, கொஞ்சம் வெள்ளம் குடிங்க.